முண்டந்துறைக்குள் தாமிரபரணிக் கெண்டையைப் பார்க்க முடியுமா? ஒரு ஜோடி எடுத்துவர அனுமதி உண்டா?

கொளத்தூர் தொட்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கொளத்தூர். வண்ணமீன் கடைத்தெருவுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் என்ன நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். வீட்டில் பீரோ வைக்க இடமில்லை, தொட்டி வைக்க மட்டும் எப்படியோ இடம் வந்துவிடுகிறது.

கப்பி, ஏஞ்சல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நம் ஊர் ஆற்று மீன்களை மட்டும் வளர்க்கிறேன். நான்கடித் தொட்டி ஒன்றில் 'அருலியஸ் பார்ப்' என்று சொல்லி விற்ற மீன்கள் ஆறு இருக்கின்றன. குட்டியாக வாங்கியபோது சாதாரண வெள்ளிக் கெண்டைதான். இப்போது வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்டு தொங்குகிறது, வெயில் பட்டால் உடம்பு நீலமும் சிவப்புமாக மின்னுகிறது. குழுவில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, 'இது காவிரி மீன் இல்லை, தாமிரபரணி மீன். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்து ஓடைகள்தான் இதன் வீடு' என்றார். அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

கேட்க வேண்டியது இதுதான். காப்பகத்துக்குள் போய் இதை ஆற்றிலேயே பார்க்க முடியுமா? எந்த மாதம் தண்ணீர் தெளிவாக இருக்கும்? ஒரே ஒரு காட்டு ஜோடி கிடைத்தால் என் தொட்டி மீனோடு சேர்த்து நல்ல வாரிசு எடுக்கலாம் என்று ஆசை. அதற்கு வனத்துறையிடம் யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும்? அப்புறம், அங்கே ஓடை ஓரத்தில் அபூர்வமான நீர்ச்செடிகள் இருப்பதாகச் சொன்னார்கள். அதைப் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். புலி பார்க்க வரவில்லை. புலி என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

---

சட்டம்_பேசுவோம் எழுதியது:

ஜோடி எடுத்துவரலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில். கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 29. சரணாலயத்துக்குள்ளிருந்து உயிருள்ள எதையும், காட்டு விளைபொருள் உட்பட, எடுத்துவரக் கூடாது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம்தான், ஆனால் அது காட்டுயிரின் நலனுக்கு என்று அரசுக்குத் தோன்றினால் மட்டும். உங்கள் தொட்டியின் நலன் அதில் வராது. ஒரு மீன், ஒரு செடி, ஒரு கூழாங்கல்கூட வேண்டாம்.

---

காரையாறு கண்டக்டர் எழுதியது:

தம்பி, சட்டக்காரர் சொன்னது சரி. ஆனால் சும்மா போய்ப் பார்ப்பதற்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நான் பாபநாசம் – காரையாறு தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் திருநெல்வேலி மாவட்டம் வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்). மீன் படிப்பு எதுவும் படிக்கவில்லை. மேலே வண்டி போய் நின்றால் திரும்பக் கிளம்பக் கொஞ்ச நேரம் கிடைக்கும். டிரைவர் அண்ணாச்சி ஒரு தூக்கம் போடுவார், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆழ்வார்குறிச்சியில் பல்கலைக்கழகத்துச் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது இல்லையா, அங்கே படிக்கிற பிள்ளைகள் வாளியும் வலையும் அனுமதிக் கடிதமுமாக ஏறுவார்கள். வாளிக்கும் லக்கேஜ் போட வேண்டுமா என்று ஒருநாள் சண்டை. சண்டை முடிந்து அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான் எனக்குத் தெரிந்த மீன் பாடம்.

எங்கே பார்ப்பது என்று கேட்டீர்கள். பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைச் சோதித்து, பிளாஸ்டிக் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டுதான் விடுவார்கள். அதைத் தாண்டி மலை ஏறினால் முண்டந்துறை. அதற்கும் மேலே சொரிமுத்து அய்யனார் கோயில். கோயிலை ஒட்டியே ஆறு. பொதுமக்கள் போகலாம் என்று விட்டிருக்கிற இடம் இதுவரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி காரையாறு அணை, அணைக்கு மேலே உள்காடு. நீங்கள் தேடுகிற மீனுக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்.

தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை அடித்துக் கலக்கிவிடும். ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரல். எங்கள் ஆற்றுக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால்தான் வருஷம் முழுக்க ஓடுகிறது. மழை ஓய்ந்து, மண் படிந்து, தண்ணீர் தெளிகிற மாதம் தை. நேரம் காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன்னால் மரநிழல் தண்ணீர் மேல் விழுந்து ஒன்றும் தெரியாது. கண்கூச்சம் மறைக்கிற போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்கி வாருங்கள். கேமராவை விட அதுதான் முக்கியம்.

இறங்கினவுடன் எட்டிப் பார்த்தால் வெறும் மணலும் கல்லும்தான் தெரியும். அசையாமல் உட்காருங்கள். முதலில் தெரிவது மீன் இல்லை, மீனின் நிழல். மணலில் நிழல் ஓடும், அதற்கு ஒரு சாண் மேலே பார்த்தால் மீன். உங்கள் கெண்டைக்கு உடம்பில் மூன்று கறுப்புத் தழும்பு இருக்கும். முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒன்று, பின்னால் குதத் துடுப்புக்கு மேலே ஒன்று, வாலடியில் ஒன்று. பாறைக்குப் பின்னால் ஓட்டம் குறைகிற இடத்தில் பத்து இருபதாக நிற்கும். ஆண்கள் இரண்டு தலையை இறக்கிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றும்போது அந்த நூல் துடுப்பு விரியும். தொட்டியில் நீங்கள் பார்க்கிற விரிப்பு வேறு, ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு விரிக்கிறது வேறு. இரண்டையும் பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

அப்படியே பாறையையும் பாருங்கள். பாசி படிந்த கல்லில் சின்னச் சின்னப் பிறை வடிவில் சுத்தமாக வழித்த தடம் இருக்கும். கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேய்கிற மீன் போட்ட தடம் அது. காரா என்று பிள்ளைகள் சொல்வார்கள். களக்காட்டின் பேரையே வைத்த காரா ஒன்றும், மேலே காட்டுக்குள் இருக்கிற கன்னிக்கட்டி என்ற இடத்தின் பேரை வைத்த குட்டிக் கெண்டை ஒன்றும் இருக்கின்றன. கன்னிக்கட்டி மீனுக்கு 2003-இல்தான் பேரே வந்தது. எத்தனை காலமாக அங்கே ஓடிக்கொண்டிருந்ததோ.

எல்லோரும் இதைப் புலிக்காடு என்கிறார்கள். 1962-இல் முண்டந்துறை சரணாலயம், 1976-இல் களக்காடு, இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், உள்வட்டம் மட்டும் 895 சதுர கிலோமீட்டர். எல்லாம் சரி. நான் சர்வீஸ் முழுக்க ஒரு புலியைப் பார்த்ததில்லை. மிளா பார்த்தேன், கரடி பார்த்தேன், கரடியைப் பார்த்துவிட்டு வண்டிக்குள் ஓடின பயணிகளைப் பார்த்தேன். என்னைக் கேட்டால் இது தண்ணீர்க்காடு. தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு, நம்பியாறு, எல்லாம் இந்த மலையில் இறங்குகிறவைதான். புன்னைக்காயல் வரைக்கும் இரண்டு ஜில்லா குடிக்கிறது, நெல் விளைக்கிறது. புலியைக் காப்பாற்றுகிறோம் என்று வேலி போட்டதில் மீன் பிழைத்தது என்று சொல்லலாம்.

முழுசாகப் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். காரையாறு அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி. மனுஷனுக்கு அணை என்றால் பாசனமும் கரண்டும். கெண்டைக்கு அணை என்றால் ஆறு அதோடு முடிந்தது. மேலே இருக்கிறது மேலே, கீழே இருக்கிறது கீழே. வெள்ளத்தில் கீழே அடித்து வரலாம், திரும்ப ஏற முடியாது.

அப்புறம் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழா. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. சாமி மேல் எனக்கும் பக்தி உண்டு, அந்தக் கோயில் பட்டவராயன் சாமிக்குச் செருப்பு காணிக்கை போட்ட குடும்பம்தான் எங்களுடையது. ஆனால் திருவிழா முடிந்த மறுவாரம் வண்டியில் போனவனுக்குத்தான் தெரியும். ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் புட்டி, அப்புறம் துணி. குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டால் பீடை போகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கீழே பாபநாசம் படித்துறையில் இது வருஷம் முழுக்க நடக்கிறது. துணி எங்கேயும் போவதில்லை, அடுத்த பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும். அது மூடின கல்லில் பாசி ஏது, பாசி மேய்கிற மீன் ஏது? இப்போது குடில் போட்டுத் தங்குகிற நாட்களைக் குறைத்து, சொந்த வண்டிகளையும் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களே திட்டினார்கள். எனக்கு அது சரி என்றுதான் படுகிறது.

ஒரு ஜோடி எடுக்கிற ஆசையை விடுங்கள் தம்பி. மற்றதற்கு நான் இருக்கிறேன்.

---

பச்சையம் எழுதியது:

அகத்தியமலைத் தாவரங்களில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தவள். கண்டக்டர் அண்ணாச்சி மீனைச் சொல்லிவிட்டார், செடிக்கு வருகிறேன். முதலில் மீனைப் பற்றி ஒரு வரி. உங்கள் நண்பர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அருலியஸ் காவிரிப் படுகை மீன். அதன் ஆணுக்கு முதுகுத் துடுப்பில் இப்படி நூல் நீளாது. உலகம் முழுக்கக் கடைகளில் அருலியஸ் என்ற பேரில் விற்பது பெரும்பாலும் தாமிரபரணி மீன்தான். பல தலைமுறையாகப் பண்ணையில் வளர்த்தது. 2005-இல் இந்த நூல்துடுப்புக் கூட்டத்தை ஆய்வாளர்கள் ஒழுங்காகப் பிரித்து எழுதின பிறகும் கடைக்காரர்கள் பேரை மாற்றவில்லை. ஆக, நீங்கள் தேடிப் போகிற மீன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது!

செடிகள். இந்தக் காப்பகமும் அடங்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் பதிவான உயர்தாவரங்கள் 2,254 வகை, அதில் சுமார் 400 வேறெங்கும் இல்லாதவை. இவ்வளவையும் ஒருநாளில் பார்க்க முடியாது. உங்களைப் போலத் தண்ணீரோடு பழக்கமானவர் பார்க்க வேண்டியது இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, கடைகளில் நீங்கள் கிரிப்டோகோரைன் என்ற தொட்டிச்செடி வாங்கியிருப்பீர்கள். அதன் பங்காளி லேஜினாண்ட்ரா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் நிழலான ஓடைச் சேற்றில் நிற்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பூ இல்லாத நாளில் குழப்பும். விரியாத இளம் இலையைப் பாருங்கள். கிரிப்டோகோரைன் இலை கோரைப்பாயைச் சுருட்டியதுபோல ஒரே பக்கமாகச் சுருண்டிருக்கும். லேஜினாண்ட்ராவில் இரண்டு ஓரமும் தனித்தனியாக நடு நரம்பை நோக்கி உள்ளே சுருளும். தொடாமலே சொல்லிவிடலாம்.

இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது, யாரும் கவனிக்காதது. வேகமாக ஓடுகிற தண்ணீருக்குள், வழுவழுப்பான பாறையில், பச்சையோ கருஞ்சிவப்போ சாயம் பூசினதுபோல ஒரு படலம் இருக்கும். பாசி என்று நினைத்து மிதித்துவிட்டுப் போவார்கள். அது பூக்கும் செடி! பொடோஸ்டெமேசி என்ற குடும்பம். வேர் எது, தண்டு எது, இலை எது என்று தாவரவியல் புத்தகத்தில் படித்தபடி இதில் பிரிக்க முடியாது. மழைக்காலம் முழுக்க வெள்ளத்துக்கு அடியில் பாறையைக் கவ்விக்கொண்டு வளரும். கோடையில் மட்டம் இறங்கிப் பாறை வெளியே தெரிந்ததும் அவசர அவசரமாகப் பூக்கும். பூ கடுகளவு, லென்ஸ் வேண்டும். சில நாளில் காய்ந்து கருகி, விதையைப் பாறையிலேயே கொட்டிவிட்டுச் செத்துப்போகும். விதை ஈரம் பட்டால் பசைபோல ஒட்டிக்கொள்ளும், அடுத்த வெள்ளம் அடித்துப் போகாது.

மட்டம் ஏறுவதும் இறங்குவதும் பருவத்தோடு நடந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். மின்சாரத்துக்காகக் கோடையில் ஒருநாள் திறந்து ஒருநாள் மூடினால், பூக்கிற நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். பாறையில் வண்டல் படிந்தால் வெளிச்சம் கிடைக்காது. அணை இல்லாத ஓடைகளில் இதைத் தேடுவது சுலபம், அணைக்குக் கீழே சிரமம்.

நாள் இருந்தால் செங்குத்துப் பாறை விளிம்பில் வரைக்கமுகைத் தூரத்திலிருந்து பாருங்கள். மெலிந்த பனை, உயரமான மேட்டில் காற்றுக்கு ஆடிக்கொண்டு நிற்கும். யானைக்குக் குருத்து பிடிக்கும், அதனால் யானை ஏற முடியாத இடத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அபூர்வச் செடியின் படத்தைப் போட்டால் இடத்தின் புள்ளியைப் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கிற ஜிபிஎஸ் தகவலையும் அழித்துவிட்டுப் போடுங்கள். இந்த மலையில் மட்டும் இருக்கிற ட்ரூரி செருப்பு ஆர்க்கிட் என்ன ஆனது தெரியுமா? மஞ்சள் பூ, நடுவில் பழுப்புக் கோடு. 19-ஆம் நூற்றாண்டில் கண்டார்கள், அப்புறம் நூறு வருஷத்துக்கு ஆளைக் காணவில்லை. 1972-இல் மறுபடி கண்டார்கள். செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிவிட்டார்கள். இப்போது காட்டில் தேடுவதைவிட வெளிநாட்டுப் பசுமைக்குடிலில் தேடுவது எளிது. இடம் கேட்டு எனக்கு இன்றும் செய்தி வருகிறது. பதில் போடுவதில்லை.

---

தென்காசிச் சாரல் எழுதியது:

மலைக்கு அந்தப் பக்கம் இதே கதைதான். அச்சன்கோவில் ஆற்றிலும் வடக்கே வளப்பட்டணம், சாலியாறு பக்கமும் 'மிஸ் கேரளா' என்று ஒரு மீன். மூக்கிலிருந்து சிவப்புக் கோடு போட்டது, எல்லோருக்கும் தெரியும். 1997-இல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் பரிசு வாங்கியது. பரிசு வாங்கினது மீனுக்கு நல்லதாகப் போகவில்லை. ஏற்றுமதிக்காக ஆற்றில் வழித்து எடுத்தார்கள். பண்ணையில் குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு. உங்கள் மீன் பண்ணையில் பெருகுகிறது என்பது நல்ல சேதி. அதை வைத்தே திருப்தி அடையுங்கள்.

---

கொளத்தூர் தொட்டிக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. இவ்வளவு நாளாக என் ஹாலில் இருப்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். 'அப்போ இனிமேல் வாங்க மாட்டீங்கல்ல' என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

காட்டு ஜோடி ஆசையை விட்டாச்சு. ஆனால் இன்னொரு யோசனை. சில மாதங்களுக்கு முன் என் மீன்கள் முட்டையிட்டு, குஞ்சுகள் இப்போது விரல் நீளம் ஆகிவிட்டன. அழியும் ஆபத்தில் இருக்கிற மீன் என்கிறார்கள். தை மாதம் வரும்போது ஒரு டப்பாவில் கொண்டுவந்து ஆற்றில் விட்டால் என்ன? அதன் தாய்வீடுதானே? இதற்காவது அனுமதி கிடைக்காதா?

---

பச்சையம் எழுதியது:

தயவுசெய்து செய்யாதீர்கள். நல்ல மனசோடு செய்கிற கெடுதல் இது. உங்கள் குஞ்சுகளின் பாட்டன் முப்பாட்டன் எந்தப் பண்ணைத் தொட்டியில் எந்த மீனோடு கூடியது என்று யாருக்கும் தெரியாது. இதே கூட்டத்தில் நெருங்கின உறவுக்கார மீன்கள் பல உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து ஓடையிலேயே இன்னொரு வகை இருக்கிறது, 2010-இல்தான் அதற்குப் பேர் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஆறுகளில் தனித்தனியாக வாழ்ந்து இப்படிப் பிரிந்தவை. கலப்புக் குஞ்சை உள்ளே விட்டால் அந்தப் பிரிவையே கலைத்துவிடுவீர்கள். தொட்டித் தண்ணீரில் வருகிற ஒட்டுண்ணியும் பூஞ்சையும் தனிக்கணக்கு. விரல் நீளக் குஞ்சுகளை உங்களைப் போல நம் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். எத்தனை பேர் உங்களிடம் வாங்குகிறார்களோ அத்தனை பேர் ஆற்றைத் தேடி வர மாட்டார்கள்.

---

காரையாறு கண்டக்டர் எழுதியது:

தம்பி, ஒரு விஷயம் சொல்கிறேன். ஒருதடவை ஒரு குடும்பம் வண்டியில் ஏறியது. அம்மா மடியில் பெரிய பாலிதீன் பை, ஆக்ஸிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்டது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கோல்டு பிஷ். என்னம்மா இது என்றேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் கிடந்து பிழைத்ததாம், மீனை ஆற்றில் விடுவதாக வேண்டுதலாம். சாவடியில் வாட்சர் பிடித்துக்கொண்டார். சட்டம் பேசினார், அந்த அம்மா அழுதது, வண்டியில் பாதிப் பேர் அம்மா பக்கம். 'சாமிக்கு நேர்ந்ததைத் தடுக்கலாமா' என்று ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. கடைசியில் வாட்சரே ஒரு வழி சொன்னார். சாமிக்கு மீன் வேண்டாம், பொரி போதும், பாபநாசம் படித்துறையில் இருக்கிற மீனுக்குப் போடுங்கள், அதுவும் வேண்டுதல்தான் என்று. கீழே சிவன் கோயில் முன்னால் ஆளைக் கண்டால் கூடுகிற மீன்களுக்குப் பொரி போடுவது பழைய வழக்கம். அந்த அம்மாவுக்கு மனசு சமாதானம் ஆனது. கோல்டு பிஷ் என் சீட்டுக்கு அடியில் வி.கே.புரம் திரும்பி, எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் ஊறுகாய் ஜாடிக்குப் போனது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே ஆற்றில் இப்போது தூண்டில் போட்டால் பாதி வெளிநாட்டு ஜிலேபிக் கெண்டைதான் வருகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு. 2000-த்திலேயே வளர்க்கத் தடை போட்ட மீன், ஆனாலும் குளத்துக்குக் குளம் இருக்கிறது. கண்ணில் பட்ட எதையும் தின்னும். தொட்டி சுத்தம் செய்கிறது என்று விற்கிறீர்களே உங்கள் ஊரில், டேங்க் கிளீனர், அது பெரிசாகிப் போனதும் வீட்டுக்காரர்கள் கொண்டுபோய்ப் போடுகிற இடம் ஏரியும் ஆறும்தான். மேலே காப்பகத்து ஓடை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. அணை மீனுக்குக் கெடுதல் என்று மேலே நான்தான் எழுதினேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அணை காவல் நிற்கிறது. கீழே இருக்கிற கெளுத்தி 143 அடிச் சுவர் ஏறாது. ஆனால் டப்பாவில் வந்தால் எதுவும் ஏறும்.

சரி, தை மாதம் வருகிறீர்கள். மணிமுத்தாற்றில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்காரர்கள் வருஷாவருஷம் அந்த மாதத்தில்தான் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குளம் குளமாகப் போவார்கள், ஆர்வம் இருக்கிற யாரும் சேரலாம். மீன் ஆளுக்குப் பறவைக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மீன் எங்கே இருக்கிறது என்று உங்களைவிடக் கொக்குக்குத் தெரியும்.

நீர்நாயைக் கேட்கவே இல்லையே நீங்கள். பார்ப்பது அதிர்ஷ்டம். ஆனால் எச்சத்தைப் பார்க்கலாம். ஆற்று நடுவே உயரமான தட்டைப் பாறையில்தான் போட்டு வைக்கும். குச்சியால் கிளறிப் பாருங்கள். மீன் செதிலும் முள்ளுமாக இருந்தால் பெரிய நீர்நாய், கீழே ஆற்றில் திரிவது. நண்டு ஓட்டுத் துண்டாகவே இருந்தால் மேலே ஓடைகளில் இருக்கிற சின்ன நீர்நாய். கையை நீட்டிக் கல்லுக்கு அடியில் துழாவி நண்டு பிடிக்கும் அது. மயிலாறு காணிக்காரப் பெரியவர் ஒருவர், மரச்சீனிக் கிழங்கு மூட்டையோடு வழக்கமாக ஏறுகிறவர், எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தார். வாசனையில் அவர் கண் மூடிக்கொண்டு சொல்வார். நமக்கு இரண்டும் நாற்றம்தான்.

---

கொளத்தூர் தொட்டிக்காரன் எழுதியது:

குஞ்சுகளுக்கு ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள் அண்ணாச்சி, ஆற்றுக்குக் கொண்டுவரவில்லை. போலராய்டு கண்ணாடி ஆர்டர் போட்டாச்சு. கடைசியாக ஒன்று. போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு ஓட்டத்தில் இறக்கி வீடியோ எடுக்கலாமா? அப்புறம் தங்குவதற்கு மேலே இடம் உண்டா, கீழேயே தங்கிவிடலாமா?

---

காரையாறு கண்டக்டர் எழுதியது:

கேமராவுக்கு என்ன கட்டணம், எதற்கு அனுமதி என்று சாவடியில் கேட்டுவிட்டு எடுங்கள். கரையில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டி எடுங்கள், இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், அக்கா சொன்ன செடியும் உங்கள் காலுக்கு அடியில்தான் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றுக்குள் பள்ளம் மேடு எல்லாம் இடம் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த இடுப்பளவுத் தண்ணீர் இப்போது ஆளை முழுங்கும். அணையில் திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறவும் செய்யும். வருஷத்தில் ஒரு வாரம் புலிக் கணக்கெடுப்புக்காகக் காப்பகத்தையே மூடுவார்கள், அந்தத் தேதியையும் விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

தங்குவது கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்திலோ வி.கே.புரத்திலோ லாட்ஜ் கிடைக்கும். காலை வண்டியில் ஏறி மதியம் இறங்கிவிடலாம். சாப்பாட்டை வாழை இலையில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், பாலிதீன் என்றால் சாவடியில் நிற்கும். கையில் பிரித்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கோயில் பக்கத்துக் குரங்குக்கு உங்களைவிட அனுபவம் அதிகம். கடைசி வண்டியைத் தவறவிட்டால் இருட்டில் நடந்து இறங்க விட மாட்டார்கள். வண்டி நேரத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் தம்பி. எனக்குத் தெரிந்தது என் காலத்து நேரம். பாபநாசத்தில் இறங்கி, இப்போது இருக்கிற கண்டக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.